சொல்லுங்க, கேக்குது

லிங்கதுரையின் குரல் ஒரே நாளில் போய்விடவில்லை. அப்படிப் போயிருந்தால் எங்கள் ஊர் பதறியிருக்கும், ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்லியிருக்கும், அதோடு மறந்தும் போயிருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக, எங்கள் கைகளுக்குள்ளேயே கரைந்து போனதால்தான் யாருக்கும் உறைக்கவில்லை. நான் பக்கத்துக் கடைக்காரி, தங்கபுஷ்பம், ஜாக்கெட் தைக்கிறவள். எனக்கும் அவன் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான், அவன் தும்மினால் என் ஊசிப்பெட்டி ஆடும், ஆகவே இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது. எங்கள் அளத்தூர்க்காரர்கள் உங்களிடம் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள், அவர்களுக்குத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கிறது.

எங்கள் ஊரைச் சுற்றி உப்பளம், உப்பளத்துக்கு அப்பால் கடல், ஆகவே அளத்தூரில் போன்கள் வயசாகிச் சாவதில்லை, உப்புப் பிடித்துச் சாகின்றன. உப்பு வாருகிற பெண்கள் இடுப்பில் செருகியிருக்கும், பாட்டும் போட்டு பேச்சும் பதிகிற சின்னப் பாட்டுப்பெட்டி, லாரி டிரைவர்களின் போன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கிற டேப்லெட், எல்லாவற்றுக்குள்ளும் அந்தக் காற்று நுழைந்து போர்டில் பச்சை பூக்க வைத்துவிடும், அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லிங்கதுரையின் கடைக்குத்தான் வந்தாகவேண்டும். அவன் பின்மூடியைக் கழற்றி, திருகாணிகளைக் காந்தத்தட்டில் வரிசையாக வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பல் பிரஷ்ஷால் பச்சையைத் தேய்த்தெடுத்து, சூடு காட்டி, ஊதி, மூடி, உயிர் வந்ததும் கடைசியாக மைக்கைச் சோதிப்பான். மற்ற ரிப்பேர்க்காரர்கள் "ஹலோ ஹலோ" என்பார்கள். லிங்கதுரை போனை வாயருகே கொண்டுபோய், நல்ல கனத்த, பதமான குரலில், "சொல்லுங்க, கேக்குது" என்று பதிவு பண்ணி, அதையே போட்டுக் காட்டிக் கொடுப்பான்.

பதிவை அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், தொழில் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். இவன் அழிக்கமாட்டான். காரணம் ஒரு சண்டை. தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் ஒருத்தன் போனை வாங்கிப்போய்த் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு, நீ கொடுத்தபோதே மைக் வேலை செய்யவில்லை என்று நடுரோட்டில் நின்று ஏசிவிட்டுப் போனான். லிங்கதுரை ரோசக்காரன், அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை. அதிலிருந்து, என் கையைவிட்டுப் போகும்போது இது பேசியது என்று காட்ட, தன் குரலையே சாட்சியாக உள்ளே விட்டு அனுப்பத் தொடங்கினான். இப்படி ஊரில் பாதிப்பேர் போனில் அவன் குரல் குடியேறியது, அதை அழிக்க நாங்களும் மெனக்கெடவில்லை.

ஐப்பசி மழையில் அளங்கள் மூழ்கிக் கிடந்த ஒரு மத்தியானம், எனக்கு அந்தப் பக்கம், இன்னொரு பலகைச் சுவர் தள்ளி, சர்பத் கடை வைத்திருக்கும் வைகுண்டம் அண்ணாச்சி, வியாபாரம் இல்லாமல், ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டியபடி தனக்குத்தானே ஏதோ முனகிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வாயாடி மனிதர், யார் வந்தாலும் அவர்கள் வீட்டுக் கோழி முட்டையிட்டது வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் கிளாஸை நீட்டுவார். லிங்கதுரையின் பெண்டாட்டி கனி வந்தால் மட்டும், பாவம் கண் தெரியாத பிள்ளை என்றோ என்னவோ, ஒரு வார்த்தை பேசாமல் கிளாஸை அவள் கையில் பிடிக்கவைப்பார், அது அவர் காட்டுகிற மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் முனகியபோது மேஜைமேல் கிடந்த போன், திரையில் வெளிச்சமே காட்டாமல், "சொல்லுங்க, கேக்குது" என்றது. அண்ணாச்சி திடுக்கிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, மழை விடுகிற வரைக்கும் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்க நானும் பலகைமேல் காதை வைத்துப் பார்த்தேன், பாழாய்ப்போன மழை கேட்கவிடவில்லை. எழுந்து வந்தபோது தலைமுழுகின ஆள் மாதிரி இருந்தார், எனக்கு ஓசியில் ஒரு சர்பத் கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்து அளம் காய்ந்ததும், உப்பு வாருகிற பெண்களின் இடுப்பில் பாட்டு நடுவில் நின்று "சொல்லுங்க, கேக்குது" என்றது, அவர்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார், பஸ்கள் அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் உறுமிக்கொண்டு நின்றன. டியூசன் டீச்சர் டேப்பிடம் சொன்னாள், அவள் மாமியார் அதே டேப்பிடம் அவள் போனபிறகு சொன்னாள். அது பதில் எதுவும் பேசாது. சரி என்றோ தப்பு என்றோ, அழாதே என்றோ, நாலு பேரிடம் சொல்லிவிடுவேன் என்றோ சொல்லாது, நாம் மூச்சு வாங்க நிறுத்தினால் மறுபடியும் அதே வார்த்தை, அதே பதம். கட்டின புருசனிடம் அப்படி ஒரு காது கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள். நானும் என் போனிடம் ஒன்று சொன்னேன், பெரிய களவு கொலை எதுவும் இல்லை, ஆனாலும் அது என்ன என்று இப்போது சொல்லப்போவதில்லை.

அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை, வசதி என்றுதான் சொன்னார்கள். கோயில் வாசலில் குறி சொல்கிறவளுக்கு வரும்படி குறைந்தது, மருந்துக் கடையில் தூக்க மாத்திரை தங்கிப்போனது, பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையிடம் இருப்பது கேட்கிற போனா சும்மா போனா என்று சாடையாக விசாரித்தார்கள். புதுப்போன் வாங்கினவர்கள் அதற்கு உப்புத்தண்ணீர் காட்டி வேண்டுமென்றே கெடுத்து லிங்கதுரையிடம் கொண்டுவந்தார்கள். கடை வாசலில் வரிசை நின்றது, வரிசையில் நின்றவர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ளவில்லை. பேசவேண்டியதையெல்லாம் போனுக்கென்று சேர்த்துவைத்திருந்தார்கள்.

அந்த வரிசை நீள நீள அவன் குரல் இளைத்தது. முதலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்குக் குரல் கொடுக்க முடியவில்லை, கையை ஆட்டினான். அப்புறம் அவன் பேச்சைக் கேட்க நாம் குனிய வேண்டியிருந்தது, அப்புறம் வாயைப் பார்க்க வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பேச மனசில்லையோ என்னவோ என்று அனுப்பிவிட்டார். ஆனால் போனில் பதிவு பண்ணும்போது மட்டும் அந்தக் குரல் முழுசாக, பழைய கனத்தோடு வந்தது, வந்து போன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, தொண்டைக்குத் திரும்பவில்லை. லிங்கதுரைக்கு விஷயம் புரிந்துபோனது, மைக்கை நகத்தால் தட்டிச் சோதித்துவிட்டுக் கொடுக்கத் தொடங்கினான்.

வாடிக்கைக்காரர்கள் விடவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்கள். "தம்பி, ஒரு தடவை சொல்லிக் குடுத்துருப்பா, சின்ன வார்த்தைதான்" என்று டைம் கீப்பர் போனை அவன் வாயருகே நீட்டிக்கொண்டே நின்றார், அவன் தலையை ஆட்ட ஆட்ட, பின்னால் நின்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி நின்றார்கள், யாரும் அதட்டவில்லை, யாரும் போகவும் இல்லை. கடைசியில் அவன் சொன்னான். சித்திரை பிறப்பதற்குள் அவன் வாயில் காற்று மட்டும் மிஞ்சியிருந்தது.

இனிமேல் கனியைப் பற்றிச் சொல்லவேண்டும், எனக்கு இந்தக் கதையே அவளுக்காகத்தான். சண்முகக்கனி முழுப்பேர், சின்ன வயசுக் காய்ச்சலில் கண் போனது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கடையும் தெருவும் தனியாகப் போய்வருவாள், குரலை வைத்து ஊரையே தெரியும். எங்கள் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற வரிசைவீட்டு வளவில் கடைசி வீடு அவர்களுடையது. லிங்கதுரை சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு போகும்போது வளவு முனையிலேயே "கனி, நாந்தான்" என்று குரல் கொடுப்பான், உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்கும், ஒருநாளும் இது மாறினது கிடையாது. குரல் அடியோடு போன அன்றைக்கு அவன் கதவைத் தட்டினான், கை தட்டினான், சாவிக்கொத்தைக் குலுக்கினான். தாழ்ப்பாள் விலகவில்லை.

நான் போய்ச் சொன்னேன். "கனி, வெளிய நிக்கது உன் புருசன்தான், நான் கண்ணால பாக்குதேன். திற தாயி."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா. ஆனா அவுக சொல்லணும்."

"அவனுக்குத்தான் சத்தமே வரலியே."

உள்ளே அவள் கதவருகே வருகிற காலடி கேட்டது. பிறகு கதவுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து பேசினாள். "சின்னப்பிள்ளையில ஒருத்தன் எங்க வீட்டுக்குள்ள வந்து நின்னான்க்கா. யாருன்னு கேட்டேன். பதில் இல்ல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. எங்க ஐயா அளத்துல இருந்து வாரது வரைக்கும் அந்த மூச்சு அங்கயே நின்னுச்சு, நானும் நின்னேன். தொடக்கூட இல்ல. ஐயா செருப்புச் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியா போயிருச்சு. அதுல இருந்து பேசாம நிக்கவங்களுக்கு நான் கதவு திறந்ததே இல்ல. இவுகளைக் கட்டிக்கிட்டதே, முனையில வரும்போதே நாந்தான்னு குரல் குடுப்பாகங்கிறதுக்குத்தான்."

லிங்கதுரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், அவன் மூச்சு விடுகிற சத்தம் எனக்கே கேட்டது, அவளுக்குக் கேட்காமல் இருக்குமா. அவன் அதை உணர்ந்த மாதிரி எழுந்து கடைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அவளுடைய பாட்டுப்பெட்டியும் அவன் சரிபண்ணிக் கொடுத்ததுதான். அது "சொல்லுங்க, கேக்குது" என்று அவளிடமும் ஆரம்பித்தபோது, இது கடைக்காரக் குரல், என் வீட்டுக்காரர் குரல் இல்லை என்று அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். சோறு பொங்க அரிசி அள்ளும்போதெல்லாம் அது அடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. தினமும் அவன் கதவுக்கு வெளியே போய் நிற்பான், அவள் உள்ளே அவன் வருவதற்காகக் காத்திருப்பாள்.

குரலை எப்படித் திரும்ப வாங்கலாம் என்று நான் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். உப்பு வாருகிற ஒருத்தியின் பாட்டுப்பெட்டி அளத்துக் கிணற்றில் விழுந்து போயிற்று, அவள் கடை வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கும்போதே லிங்கதுரை இருமினான், இருமல் சத்தத்தோடு வந்தது. ஒரு பதிவு அழிந்தால் ஒரு துளி குரல் திரும்பும், அவ்வளவுதான் கணக்கு. நான் சர்பத் கடை வாசலில் ஆட்களைக் கூட்டி, எல்லாரும் உங்க உங்க போன்ல இருக்கதை அழிங்க, அவனுக்கு அவன் குடும்பம் வேணும் என்று சொன்னேன், என் போனில் இருந்ததை எல்லார் கண்ணெதிரே அழித்தும் காட்டினேன். அழிக்கும்போது கண்ணாடிமேல், உள்ளிருந்து யாரோ ஊதின மாதிரி, ஆவி படிந்து விலகியது.

"கண்டிப்பா செய்யணும்" என்றார்கள் எல்லாரும். ஒருத்திக்கு மகள் கல்யாணம் முடியட்டும், ஒருத்தருக்கு அறுவைச் சிகிச்சை முடியட்டும், டைம் கீப்பருக்கு மற்றவர்கள் முதலில் செய்யட்டும். வைகுண்டம் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கபுஷ்பம், உசிரைக் கேளு, குடுக்கேன். இதை மட்டும் கேக்காத" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், நீங்க எல்லாம் மனுசங்கதானா, பிச்சைக்காரன் தட்டுல இருக்க சோத்தையும் பிடுங்கித் தின்பீங்களே என்று கத்திவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் கோபப்படவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு, போனை மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் வெயில் ஏறின நேரத்தில் கனியே வந்தாள். கையில் குச்சி, தோளில் அந்த அரிசிப் பாட்டுப்பெட்டி. அவள் பஸ் ஸ்டாண்டுக்குள் கால் வைத்ததும், யார் தொடங்கியது என்று தெரியவில்லை, மடியிலிருந்து, சட்டைப்பையிலிருந்து, லாரிக்குள்ளிருந்து, காய்கறிக் கூடைக்குள்ளிருந்து, எல்லாப் போனும் ஒவ்வொன்றாக, பிறகு ஒரே சமயத்தில், "சொல்லுங்க, கேக்குது, சொல்லுங்க, கேக்குது" என்று அவள் பக்கம் திரும்பிக் கேட்கத் தொடங்கின. அவள் நடுவில் நின்று முகத்தை நாலு பக்கமும் திருப்பினாள், அத்தனை பக்கமும் அவள் புருசன் இருந்தான், எந்தப் பக்கமும் இல்லை. பயணிகள் இறங்காமல் படிக்கட்டில் நின்றார்கள். நான் என் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேக்குதுங்கீகளே, கேளுங்க" என்றாள் கனி, கத்தவில்லை. "உங்க ஒவ்வொருத்தர் கையிலயும் எங்க வீட்டாள் ஒரு துண்டு இருக்காக. என்கிட்ட ஒரு துண்டும் இல்ல. நான் சும்மா கேக்கல, என்கிட்ட இருக்கதையும் அழிச்சுட்டுத்தான் கேக்கேன்." பெட்டியை என்னிடம் நீட்டினாள், நான் அழித்துக் கொடுத்தேன். அப்புறம் அவள் போகவில்லை. வெயிலில், அதே இடத்தில், ஒன்றும் பேசாமல் நின்றாள். அவர்கள் லிங்கதுரை முன்னால் நின்ற மாதிரியே நின்றாள். உப்பு வாருகிற பெண்கள்தான் முதலில் அழித்தார்கள், பிறகு லாரிக்காரர்கள், டீச்சரும் மாமியாரும் சேர்ந்து, டைம் கீப்பர் அழுதுகொண்டே. ஊர் முழுக்கக் கண்ணாடிகளில் ஆவி படிந்து விலகியது. கடைசியாக வைகுண்டம் அண்ணாச்சி, போனை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, அழித்தார். கனி குச்சியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் லிங்கதுரை வளவு முனைக்கு வந்தான், பின்னாலேயே ஊரும் வந்தது, கல்யாண ஊர்வலம் மாதிரி, வேடிக்கை பார்க்க. அவன் வாயைத் திறந்தான். குரல் வந்தது, பழைய கனத்தோடு வந்தது, ஆனால் கனியின் பேர் வரவில்லை. "எம் எளைய புள்ளைய எனக்குப் பிடிக்கலை, மூத்தவனைத்தான் பிடிக்கும்" என்றான். "மாமியா மருந்துல தண்ணிய ஊத்துனேன்" என்றான். அவன் கண் பயத்தில் விரிந்தது, வாயைக் கையால் பொத்தினான், விரலிடுக்கில் அது வந்துகொண்டே இருந்தது. கேட்ட குரல் கேட்டதை எல்லாம் சுமந்துகொண்டுதான் திரும்பியிருந்தது. வளவுக்குள் நின்ற கூட்டம் அசையவில்லை, ஒவ்வொருத்தரும் தன்னுடையது எப்போது வரும் என்று முந்தானையையும் துண்டையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள், ஓடிப்போனால் அதுவே அடையாளம் ஆகிவிடும் என்று ஓடவும் இல்லை. என்னுடையதும் வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும், வாயைக் கட்டுங்கப்பா" என்று டைம் கீப்பர் முன்னால் வந்தபோதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து கனியின் குரல் கேட்டது. அவள் உள்பக்கம் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், குரல் தாழ்வாக வந்தது.

"சொல்லுங்க" என்றாள். "கேக்குது."

அவன் கையை வாயிலிருந்து எடுத்தான். வாசற்படியில் உட்கார்ந்து, கதவைப் பார்த்து, ஊர் சொன்னதை எல்லாம் சொன்னான், அழுகிற இடத்தில் அழுகிற மாதிரியும் சிரிக்கிற இடத்தில் சிரிக்கிற மாதிரியும் சொன்னான், இடையிடையே மூச்சு வாங்க நிறுத்தினால் உள்ளிருந்து அவள் "சொல்லுங்க" என்றாள். கடைசியாக அழிந்தது கடைசியாக வந்தது.

"களவாங்கத்தான் போனேன்" என்றது குரல். "வெண்கலப் பானை இருக்கும்னு நெனச்சேன். கண்ணு தெரியாத பிள்ளை மட்டும் இருந்துச்சு. யாருன்னு கேட்டுச்சு. வாயத் தொறந்தா அவுக பக்கத்து வீட்டுக்காரன்னு தெரிஞ்சிரும். கால நகத்துனா நடை தெரிஞ்சிரும். அப்படியே நின்னேன். அதுவும் என்னையப் பாக்காமலே பாத்துக்கிட்டு நின்னுச்சு. இன்னைக்கும் அது கடைக்கு வந்தா நான் வாயத் தொறக்கதில்ல. கிளாஸை மட்டும் நீட்டுதேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை, யாருமே திரும்பிப் பார்க்கவில்லை, வைகுண்டம் அண்ணாச்சி நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் ஆட்கள் விலகி விலகி வெறும் தரை தெரிந்தது. கதவுக்குப் பின்னால் "சொல்லுங்க" வரவில்லை. லிங்கதுரை இன்னும் அவள் பேரைச் சொல்லவில்லை, அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், அந்த மூச்சு மட்டும்தான் கேட்டது. அப்போது தாழ்ப்பாள் விலகியது. கனி வாசலில் நின்றாள், பேசாமல் நின்றவனுக்கு முதல் தடவையாகக் கதவைத் திறந்துகொண்டு.

"கனி" என்றான் அவன், சொந்தக் குரலில். "நாந்தான்."

"தெரியும், வாங்க" என்றாள்.

இப்போது லிங்கதுரை "ஹலோ ஹலோ" என்றுதான் மைக்கைச் சோதிக்கிறான், உடனே அழித்தும் விடுகிறான். போன்கள் சும்மா கிடக்கின்றன. ஆனால் கனி வீட்டைவிட்டு வெளியே வந்தால் எங்கள் ஊர் பேச்சை நிறுத்திவிடும். பேசினால் குரல் தெரியும், குரல் தெரிந்தால் எந்தச் சொல் யாருடையது என்று பொருத்திவிடுவாள் என்று பயம். அன்றைக்கு மறுநாள் காலையில் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது கண்டக்டர்கள் ஊர்ப்பேர் சொல்லிக் கூவவில்லை, காய்காரி விலை சொல்லவில்லை, பிள்ளையின் வாயைத் தாய் பொத்தினாள், குச்சி தரையைத் தட்டுகிற சத்தம் மட்டும் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நடந்துவந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, "என்ன கனி, காலையிலேயே எங்க கிளம்பிட்ட?" என்று உரக்கக் கேட்டேன்.

அவள் நின்றாள். "ஒரு சர்பத் குடிக்கலாம்னு அக்கா" என்றாள். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இனிமே தையல் மிஷின் லைட்டை எரியவிட்டுத் தூங்க வேண்டாம். பயமா இருந்தா எங்க வீட்டுல வந்து படுத்துக்கோங்க" என்றாள். என் பயத்தைப் போன் இத்தனை நாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அது இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, கண் மறைத்தது.

அவள் சர்பத் கடை முன்னால் போய் நின்றாள். வைகுண்டம் அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கலக்கி, கிளாஸை நீட்டினார், வழக்கம்போல் வாய் திறக்காமல். கிளாஸ் அவள் விரலில் பட்டது. கனி வாங்கவில்லை. அவள் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி கொஞ்சம் மேலே நிமிர்ந்தது.

"யாரு?" என்று கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒரு மூச்சு கேட்டது, அது அவருடையதுதான். கிளாஸிலிருந்து சர்பத் ததும்பி அவர் கையில் வழிந்தது. ஓடவும் முடியாமல், காலை நகர்த்தவும் முடியாமல் நின்றார், அவளும் நின்றாள்.

"நாந்தாம்மா" என்றார். "வைகுண்டம்."

கனி கையை நீட்டிக் கிளாஸை வாங்கிக்கொண்டாள்.